பழைய பிரிண்டரும் புதுக் கம்ப்யூட்டரும்

புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று எல்லோருக்கும் ஒரே குஷி. திரை பளபளவென்று இருக்கிறது. பொத்தானைத் தட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் விழித்துக் கொள்கிறது. பத்து வருஷமாகக் கூடத்து மூலையில் உட்கார்ந்து, குழந்தைகளின் ஹால் டிக்கெட்டிலிருந்து மாமனாரின் பென்ஷன் பாரம் வரையில் அலுக்காமல் அச்சடித்துக் கொடுத்த பிரிண்டரை அதோடு இணைக்கிறீர்கள். பிரிண்டரின் விளக்கு எரிகிறது. கம்ப்யூட்டரோ, "யார் இவர்? எனக்குப் பழக்கமில்லையே!" என்கிறது.

உங்களுக்கு வருகிற கோபம் நியாயமானதுதான். பிரிண்டரில் ஒரு பழுதும் இல்லை. மை இருக்கிறது, காகிதம் இருக்கிறது. நேற்று வரையில் பழைய கம்ப்யூட்டரோடு சமர்த்தாக வேலை செய்தது. கடைக்காரரைக் கேட்டால், "இதுக்கு டிரைவர் வரலீங்களேம்மா. புதுசு ஒண்ணு வாங்கிடுங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார். அவருக்கென்ன, விற்கிறவர்!

இந்த வாரம் அந்த டிரைவரைத்தான் கொஞ்சம் விசாரிக்கப் போகிறோம். கார் ஓட்டுகிறவர் அல்ல இவர். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சென்னைப் பட்டணத்தில் துபாஷிகள் என்று இருந்தார்கள் அல்லவா? துரைக்கு ஊர் பாஷை தெரியாது. ஊராருக்குத் துரையின் பாஷை தெரியாது. நடுவில் இரண்டும் தெரிந்த ஒருவர் நின்று பேரத்தை முடித்து வைப்பார். அந்த உத்தியோகம்தான் டிரைவருக்கு. அது ஒரு சின்ன புரோகிராம். பிரிண்டருக்கு ஒன்று, ஸ்கேனருக்கு ஒன்று, காமிராவுக்கு ஒன்று என்று சாமானைச் செய்த கம்பெனியே பெரும்பாலும் அதை எழுதித் தரும்.

கம்ப்யூட்டருக்குள் துரை ஸ்தானத்தில் இருப்பது ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ், லினக்ஸ் என்றெல்லாம் சொல்கிறோமே, அதுதான். பிரிண்டர் பேசும் பாஷை அது பிறந்த நாளிலிருந்து மாறுவதே இல்லை. மாறுவது துரையின் பக்கம். "என்னிடம் இன்ன மாதிரி வந்து நிற்க வேண்டும், இன்ன வார்த்தையில் கேட்க வேண்டும்" என்று ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்திருக்கும் முறைக்கு இண்டர்ஃபேஸ் என்று பெயர். அந்த முறையை மாற்றிவிட்டால் பழைய துபாஷி வாயடைத்துப் போகிறார். பிரிண்டர் கம்பெனி புதுத் துபாஷியை அனுப்ப வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் விற்ற பிரிண்டருக்கு இன்றைக்கு ஆள் போட்டுப் புது டிரைவர் எழுதுவதில் கம்பெனிக்கு ஒரு தம்பிடி லாபம் கிடையாது. எழுதவில்லை என்றால் புதுப் பிரிண்டர் விற்கும்! இவ்வளவுதான் ரகசியம்.

"சரி, பழைய முறையையும் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே புதிய முறையையும் வைத்துக்கொள்ளக் கூடாதோ?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். அதில் பல வருஷத்துச் சண்டை அடங்கியிருக்கிறது.

1981-ல் ஐ.பி.எம். கம்பெனியார் கொண்டுவந்த பர்சனல் கம்ப்யூட்டரில் புரோகிராம்கள் புழங்குவதற்கு விட்ட இடம் 640 கிலோபைட். இன்று உங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குக்கூடப் பல சமயம் அந்த இடம் பற்றாது! ஆபரேட்டிங் சிஸ்டம், டிரைவர்கள், நீங்கள் நடத்தும் கணக்குப் புரோகிராம் எல்லாம் அந்த ஒற்றை அறைக்குள்தான் குடித்தனம் செய்ய வேண்டும். மௌஸுக்கு ஒரு டிரைவர், சிடி பெட்டிக்கு ஒன்று, சப்தத்துக்கு ஒன்று என்று ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால், கணக்குப் புரோகிராம் நுழையவே இடமிருக்காது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள்; எந்த டிரைவரை எந்த வரிசையில் ஏற்றினால் நாலு கிலோபைட் மிச்சமாகும் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.

பிரிண்டர் விஷயம் அதைவிட வேடிக்கை. டாஸ் நாட்களில் எழுத்து வேலைக்கான புரோகிராம் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய பிரிண்டர் டிரைவர்களைத் தானே மூட்டை கட்டிக்கொண்டு வர வேண்டும். பிறகு விண்டோஸ் வந்து, "துபாஷி எல்லோருக்கும் பொதுவாக என் வீட்டில் இருக்கட்டும். யாருக்கு அச்சடிக்க வேண்டுமானாலும் என்னிடம் சொல்லுங்கள்" என்றது. அதனால் சௌகரியம் ஜாஸ்தி. ஆனால் அன்றையிலிருந்து எல்லோருடைய பிரிண்டரும் ஒரே இடத்தை நம்ப வேண்டியதாயிற்று.

1995-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி விண்டோஸ் 95 வெளிவந்தது. அதைக் கட்டியவர்களின் தர்மசங்கடத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கு இரக்கமாகவே இருக்கிறது. வெறும் 4 மெகாபைட் ஞாபகசக்தி உள்ள சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அது நடக்க வேண்டும். ஜனங்களிடம் ஏற்கனவே இருந்த பழைய புரோகிராம்களும், பழைய டிரைவர்களும் நடக்க வேண்டும். அதே சமயம் புது மாதிரியாகவும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் புதிய 32 பிட் முறையில் திருப்பி எழுதினால் புரோகிராம் பருத்துப் போகும், பழையவையும் நின்று போகும். என்ன செய்தார்கள் தெரியுமா? திரையில் ஜன்னல்களைக் காட்டுவது, கோடு போடுவது போன்ற வேலைகளில் பெரும் பகுதியைப் பழைய 16 பிட் முறையிலேயே விட்டுவைத்து, இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்கிற சின்னச் சின்னத் துணுக்குகளை வைத்தார்கள். சிடி பெட்டிக்கு டாஸ் காலத்து டிரைவர்தான் இருக்கிறதா? பாதகமில்லை, அதையும் உள்ளே வரச் சொல்லி, கொஞ்சம் மெதுவாகவாவது வேலை வாங்கினார்கள்.

சிம் சிட்டி என்று ஒரு பிரசித்தமான விளையாட்டு. அதில் ஒரு தப்பு: உபயோகித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த ஞாபக இடத்தையே மறுபடி எட்டிப் பார்க்கும். பழைய விண்டோஸில் அது எப்படியோ ஒப்பேறியது. புதியதில் விழுந்து போயிற்று. தப்பு விளையாட்டை எழுதியவருடையது. ஆனாலும் விண்டோஸ் 95-ல், சிம் சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் அதற்கு மட்டும் சலுகை காட்டும்படி ஏற்பாடு செய்தார்கள். மருமகனுக்கு மட்டும் தனியாக உப்புக் குறைத்துச் சமைக்கிற மாதிரி!

ஆனால் இந்தத் தாராளத்துக்கும் ஒரு விலை இருந்தது. பழைய 16 பிட் பகுதிக்குள் ஒரு சமயத்தில் ஒருவர்தான் போக முடியும். ஒரே ஒரு குழாயடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிழட்டுப் புரோகிராம் குடத்தை வைத்துவிட்டு வம்பளக்கப் போய்விட்டால், பின்னால் நிற்கிற அத்தனை பேரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். விண்டோஸ் 95 அடிக்கடி உறைந்து நின்றதற்கு இந்தக் குழாயடியும் ஒரு காரணம்.

எத்தனை நாளைக்கு இப்படி? 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் வேறொரு உறுதியான பரம்பரைக்கு மாற்றினார்கள். 95-க்கென்று எழுதிய டிரைவர்கள் அங்கே செல்லவில்லை. அப்போது பரணுக்குப் போன ஸ்கேனர்கள் அநேகம். அதற்கு அடுத்த மாற்றம் விஸ்டா. 2007 ஜனவரி 30-ந் தேதி வீட்டு உபயோகத்துக்காக வெளியிட்டார்கள். படம் காட்டும் முறையும் ஒலி எழுப்பும் முறையும் அடியோடு மாறியிருந்தன. எக்ஸ்பியின் டிரைவர்கள் பல சண்டித்தனம் செய்தன.

இதிலே ஒரு ருசிகரமான சமாசாரம். விஸ்டா சம்பந்தமாக அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்துக் கோர்ட்டில் ஒரு வழக்கு நடந்தது. மைக்ரோசாஃப்ட் உத்தியோகஸ்தர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் 2008-ல் அதனால் அம்பலத்துக்கு வந்தன. அந்தக் கம்பெனியின் முன்னாள் தலைவரும் டைரக்டருமான ஜான் ஷர்லி, தம் வீட்டுச் சாமான்கள் சிலவற்றுக்கு டிரைவர் கிடைக்கவில்லை, ஆகையால் இரண்டாவது கம்ப்யூட்டரில் விஸ்டாவைப் போடப் போவதில்லை என்று எழுதியிருந்தார்! விண்டோஸ் இலாகாவின் பெரிய அதிகாரியான மிஸ்டர் ஸினோஃப்ஸ்கி அதற்குக் காரணம் சொன்னார்: விஸ்டா உண்மையாகவே வெளிவரும் என்று வெளிக் கம்பெனிக்காரர்கள் யாரும் நம்பவில்லை, 2006-ம் வருஷக் கடைசியில்தான் டிரைவர் வேலையையே தொடங்கினார்கள் என்று. அவர் வீட்டுப் பிரிண்டருக்கே பிப்ரவரி 2-ந் தேதி வரையில் டிரைவர் வரவில்லையாம். துரையின் வீட்டுக்கே துபாஷி கிடைக்காத ஊரில் நம் பாடு எம்மாத்திரம்!

லினக்ஸ்காரர்கள் இதே பிரச்னைக்கு வேறு வழி கண்டார்கள். 1991-ல் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய சிஸ்டம் அது. அந்த வீட்டுக்கு வாசல் கதவு ஒன்று, கொல்லைக் கதவு ஒன்று. வாசல் கதவு வழியாக வருகிறவை நீங்களும் நானும் உபயோகிக்கும் புரோகிராம்கள். அந்தக் கதவைப் பூட்டவே கூடாது, பழைய புரோகிராம் எதுவும் கெட்டுப் போகக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் வெகு கண்டிப்பு. கொல்லைக் கதவுதான் டிரைவர்களுக்கு. அதை எப்போது வேண்டுமானாலும் இடித்துக் கட்டுவோம், யாருக்கும் வாக்குறுதி கிடையாது என்கிறார்கள். "நிலையான டிரைவர் இண்டர்ஃபேஸ் கேட்காதீர்கள், அது உங்களுக்கே நல்லதல்ல" என்ற கருத்தில் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் என்பவர் எழுதிய ஒரு நீண்ட விளக்கம் லினக்ஸின் கூடவே பல வருஷங்களாக இருந்து வருகிறது. யு.எஸ்.பி. பகுதியை மட்டும் குறைந்தது மூன்று தடவை மாற்றி எழுதியிருக்கிறோம், பழையவற்றையும் வைத்துக்கொண்டு அழுதிருந்தால் நடக்குமா என்பது அவர் வாதம்.

இது அநியாயம் என்று தோன்றுகிறதா? பொறுங்கள். "உங்கள் டிரைவரின் மூலத்தையே எங்களிடம் கொடுத்துவிடுங்கள். முறையை மாற்றுகிறவர், அதனால் பாதிக்கப்படும் அத்தனை டிரைவர்களையும் தாமே திருத்தித் தர வேண்டும்" என்பது அங்கே சட்டம். கூட்டுக் குடும்பம் மாதிரி. வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு, துணி எல்லாம் குடும்பத்துச் செலவு. தனிக்குடித்தனம் போனவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவேதான், கம்பெனிக்காரர் கைகழுவிவிட்ட எத்தனையோ பழைய ஸ்கேனர்களும் பிரிண்டர்களும் லினக்ஸில் இன்னமும் உயிரோடு இருக்கின்றன.

குடும்பம் பெருத்துப் போகாதா? போயிற்று. 1991-ல் சுமார் 10,000 வரிகளாக இருந்த லினக்ஸ், 2020-ம் வருஷ ஆரம்பத்தில் ஏறக்குறைய 2 கோடியே 78 லட்சம் வரிகள். அதில் பாதிக்கு மேல் டிரைவர்களே. ஆனால் பயந்துவிட வேண்டாம். புஸ்தகசாலையில் லட்சம் புஸ்தகம் இருந்தாலும் உங்கள் மேஜைக்கு நாலுதானே வருகிறது? அதே மாதிரி, உங்கள் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் சாமானுக்கு உரிய டிரைவர் மட்டுமே ஞாபகத்தில் ஏறும். பாரம் விழுவது அந்தப் புஸ்தகசாலையைத் தூசி தட்டுகிறவர்கள் தலையில்.

அவர்களுக்கும் சில சமயம் பொறுமை போய்விடுகிறது. 2012 டிசம்பரில், 386 என்ற பழைய சிப்புக்கு இருந்த ஆதரவை லினக்ஸிலிருந்து நீக்கினார்கள். டோர்வால்ட்ஸ் தம் மாணவப் பருவத்தில் லினக்ஸையே பிறப்பித்தது அந்த 386 கம்ப்யூட்டரில்தான்! மாற்றத்தை அனுப்பிய இங்கோ மோல்நார், "உங்கள் ஆதி கம்ப்யூட்டர் இனி புது லினக்ஸில் எழுந்திருக்காதே" என்று விளையாட்டாக மூக்கைச் சிந்தினார். டோர்வால்ட்ஸோ, தமக்கு அந்த மாதிரிப் பாசமெல்லாம் கிடையாது, தொலைந்தது சனி என்கிற பாவனையில் ஏற்றுக்கொண்டுவிட்டார். அம்மி, ஆட்டுக்கல்லை விற்க மனசில்லாமல் பால்கனியில் வைத்திருக்கிற நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

லினக்ஸ் முறையின் இன்னொரு விளைவு உங்கள் கைப்பைக்குள்ளேயே இருந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு அடிப்படை லினக்ஸ். ஆனால் அதன் சிப்புகளுக்கு டிரைவர் எழுதிய கம்பெனிகள் பல, கூட்டுக் குடும்பத்தில் சேராமல் தனிக்குடித்தனம் வைத்தன. லினக்ஸ் மாறும், அந்த டிரைவர் மாறாது, ஆகவே நல்ல போன், இரண்டு வருஷத்திலேயே புது ஆண்ட்ராய்டு கிடைக்காமல் கிழடு தட்டிவிடும். 2017-ல் கூகிள் கம்பெனியார் ட்ரெபிள் என்று ஒரு திட்டம் கொண்டுவந்து, ஆண்ட்ராய்டுக்கும் சிப்புக்காரர்களின் பகுதிக்கும் நடுவே நிலையான ஒரு வேலியைக் கட்டினார்கள். லினக்ஸ்காரர்கள் வேண்டாம் என்று சொன்ன அதே வகைச் சமாசாரம்தான்! 2023, 2024-ல் வந்த சில விலை உயர்ந்த போன்களுக்கு ஏழு வருஷம் வரையில் புதுப்பித்துத் தருவதாக வாக்குறுதி வந்ததற்கு இப்படிப்பட்ட ஏற்பாடுகள் வழி செய்தன. விலை குறைந்த போன்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வெகு குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"பழசை வைத்துக்கொள்வதில் இடம்தானே நஷ்டம்? இப்போதுதான் இடத்துக்குப் பஞ்சமில்லையே?" என்று கேட்டால், அங்கேதான் திருடன் விஷயம் வருகிறது. யாரும் நடமாடாத பழைய அறையின் ஜன்னலைத்தானே திருடன் முதலில் பார்ப்பான்? விண்டோஸில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் என்ற பகுதி வெகு பழசு. உள்ளே எங்கும் போகும் அதிகாரமும் அதற்கு உண்டு. 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற பயங்கர வைரஸ் பரவிய வழிகளில் இந்த ஸ்பூலரின் ஓட்டையும் ஒன்று. மறுபடி 2021-ல் 'பிரிண்ட் நைட்மேர்' என்று பெயர் பெற்ற ஓட்டை. பிரிண்டர் டிரைவர் என்று சொல்லிக்கொண்டு விஷமப் புரோகிராமை உள்ளே விட்டுவிடலாம் என்ற நிலைமை! அவசரமாக அடைத்தார்கள், அதன் பிறகு, நிர்வாக அதிகாரம் உள்ளவர்தான் டிரைவரைப் போடலாம் என்று கட்டுப்பாடு வந்தது. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் கம்பெனியார், பிரிண்டர் கம்பெனிகள் தனித்தனியாக எழுதும் டிரைவர்களைத் தங்கள் வழியாக விநியோகிப்பதைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள். எல்லாப் பிரிண்டரும் ஒரே பொது பாஷையில் பேசட்டும் என்பது அவர்கள் நோக்கம்.

என் அபிப்பிராயத்தில் உருப்படியான வழி இந்தப் பொது பாஷைதான். பென் டிரைவை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் உடனே திறக்கிறதே, அதற்காக நீங்கள் எப்போதாவது டிரைவர் தேடியதுண்டா? 1996-ல் வந்த யு.எஸ்.பி. முறையில் கீபோர்டு, மௌஸ் என்று சாமான்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்தார்கள். பென் டிரைவுக்கும் அப்படி ஒரு வகுப்பு உண்டு. ஒரு வகுப்புக்கு ஒரு பொது டிரைவர் போதும். யார் செய்த சாமானாக இருந்தாலும் அந்த வகுப்பின் பாஷையைப் பேசியாக வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம் பருக்காது; பழசும் நிற்காது. பிரிண்டரில் இது வர ஏன் இத்தனை காலம் பிடித்தது என்றால், ஒவ்வொரு கம்பெனிக்கும் தன் மையும் தன் ஸாஃப்ட்வேரும் தன் வாடிக்கையும்தான் பெரிதாக இருந்தது.

இன்னொரு கட்சியும் எனக்கு உண்டு. ஒரு சாமானுக்கு இனி டிரைவர் எழுத மாட்டோம் என்று கம்பெனி கைவிடும் நாளில், அந்தச் சாமான் பேசும் பாஷை இன்னது என்று ஒரு சிறு குறிப்பையாவது பகிரங்கமாக வெளியிட வேண்டும். வியாபார ரகசியம் என்கிறார்கள். தாங்களே விற்பதை நிறுத்திவிட்ட சாமானில் என்ன ரகசியம் பாக்கி இருக்கிறது? காசு கொடுத்து வாங்கியவர் நாம். பழுதில்லாத யந்திரத்தைக் குப்பைக்குப் போடச் சொல்ல இவர்கள் யார்?

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டில் செய்யக்கூடியதைப் பார்ப்போம். புதுப் பிரிண்டர் வாங்கத்தான் வேண்டும் என்றால், பெட்டியின் மேல் ஏர்பிரிண்ட், மோப்ரியா என்ற இரண்டு பெயர்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். பொது பாஷை பேசும் பிரிண்டர் அது, கைப்பேசியிலிருந்தும் அச்சடிக்கும். பிள்ளைகளில் யாருக்காவது கம்ப்யூட்டர் கைவேலையில் ருசி இருந்தால், பழைய ஸ்கேனரை லினக்ஸ் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். சேன் என்ற இலவசத் தொகுதியில் ஏராளமான பழைய ஸ்கேனர்களுக்கு டிரைவர் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு இருந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டது. ஆகையால் பிரிண்டருக்காக மட்டும் அந்தப் பழைய கம்ப்யூட்டரை வைத்திருப்பவர்கள் அதிலே பாங்கு வேலையோ, பணம் கட்டும் வேலையோ வைத்துக்கொள்ள வேண்டாம், அச்சடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் உள்ள டிரைவரை, கம்பெனியாரின் பக்கத்திலிருந்து இறக்கி, ஒரு பென் டிரைவில் போட்டு, காரண்டி அட்டையோடு சேர்த்துப் பீரோவில் வையுங்கள். அந்தப் பக்கத்தை எடுத்துவிடுகிற அன்று உங்களுக்குக் கடிதம் போட்டுத் தெரிவிக்க மாட்டார்கள்.